20 வருஷம் காத்திருக்கும் புழு... ஊட்டி உருளைக்கிழங்கு வயலில் ஒரு நீண்ட யுத்தம்!

ஞாயிற்றுக்கிழமை மதியம். ஒரு அடுப்பில் சாம்பார், இன்னொரு அடுப்பில் உருளைக்கிழங்கு வறுவல். தமிழ்நாட்டில் பாதி வீடுகளின் சமையலறை அன்று இப்படித்தான் மணக்கும். அதற்கான கிழங்கை வாங்கக் கடைக்குப் போனால் இரண்டு குவியல்கள் கண்ணில் படும். ஒன்று, தோல் பளபளவென்று மஞ்சளாக, ஆக்ராவிலிருந்தோ இந்தூரிலிருந்தோ குஜராத்திலிருந்தோ லாரியில் வந்தது. இன்னொன்று, செம்மண் ஒட்டிக்கொண்டு கொஞ்சம் அழுக்காகத் தெரியும் 'ஊட்டி உருளை'. விலை கூடுதல்தான். ஆனாலும், "ருசி இதுலதாங்க இருக்கு" என்று கடைக்காரர் சொல்வார். வாங்குகிறவர்களும் பெரும்பாலும் அதை மறுப்பதில்லை.

இந்த ஊட்டிக் கிழங்கை வறுக்கலாம், மசிக்கலாம், போண்டாவுக்குள் வைக்கலாம். ஆனால், ஒன்று மட்டும் கூடாது. விதைக்கிழங்கு என்று சொல்லி நீலகிரியை விட்டு வெளியே கொண்டுபோய் நடக் கூடாது. 1971-ம் ஆண்டு முதல் இதற்குச் சட்டப்படி தடை இருக்கிறது. அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது.

காரணம், கிழங்கில் ஒட்டியிருக்கும் அந்தச் செம்மண். இன்னும் சரியாகச் சொன்னால், அந்த மண்ணுக்குள் இருக்கக்கூடிய, கசகசாவைவிடச் சிறிய ஓர் உருண்டை.

விஜயநகரத்தில் கிடைத்த மஞ்சள் மணிகள்

நீலகிரிக்கு உருளைக்கிழங்கு வந்து ஏறக்குறைய 200 ஆண்டுகள் ஆகின்றன. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1820-களில் ஊட்டியில் குடியேறியபோது, ஐரோப்பியக் காய்கறிகளோடு இதையும் பயிரிட வைத்தார். குளிரும் மழையும் கிழங்குக்குப் பிடித்துப்போயின. படுகர் இன மக்களின் வயல்களில் ராகியும் சாமையும் இருந்த இடத்தில் மெல்ல மெல்ல உருளை வந்து உட்கார்ந்தது. கேத்தி பள்ளத்தாக்கு, நஞ்சநாடு, முத்தொரை, பாலாடா என்று எங்கு திரும்பினாலும் கிழங்குப் பாத்திகள். வருஷத்துக்கு மூன்று போகம்: ஏப்ரல், மே மாதங்களில் நடுவது கார்போகம், ஆகஸ்ட், செப்டம்பரில் கடைபோகம், ஜனவரி, பிப்ரவரியில் தண்ணீர் பாய்ச்சி நடுவது நீர்போகம்.

'மூன்று போகமும் கிழங்கு' என்பது கேட்க நன்றாக இருக்கிறது. பிரச்னையின் வேரும் அங்கேதான் இருந்தது.

1961-ல் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த நூற்புழு விஞ்ஞானி எஃப்.ஜி.டபிள்யூ.ஜோன்ஸ் ஊட்டிக்கு வந்திருந்தார். விஜயநகரம் பகுதி வயலில் சோர்ந்து கிடந்த உருளைச் செடிகளின் வேரில் அவர் கண்டது, சின்னச் சின்ன மஞ்சள் மணிகள். ஐரோப்பாவை அதற்கு முன்பே பல பத்தாண்டுகளாக ஆட்டிப்படைத்த 'தங்க நூற்புழு' அது. இந்தியாவில் அது இருப்பது அன்றுதான் முதன்முதலாகத் தெரியவந்தது. பிறகு தேடத் தேட நீலகிரியின் பல வயல்களில் கிடைத்தது. 1980-களில் கொடைக்கானல் மலையிலும் தென்பட்டது.

உருளைக்கிழங்கைப் போலவே இந்தப் புழுவின் பூர்வீகமும் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைதான். கிழங்கு கப்பலேறியபோது, அதில் ஒட்டியிருந்த மண்ணோடு இதுவும் சேர்ந்து பயணப்பட்டது. ஐரோப்பாவிலிருந்து வந்த விதைக்கிழங்கோடு நீலகிரிக்கும் வந்திருக்க வேண்டும்.

செத்த பிறகும் காவல் காக்கும் தாய்

இந்தப் புழுவின் வாழ்க்கையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஏனென்றால், விவசாயி என்ன செய்தாலும் அது ஏன் ஜெயிக்கிறது என்பது அதில்தான் இருக்கிறது.

முட்டையிலிருந்து வெளிவரும் இளம் புழு கண்ணுக்குத் தெரியாத நூல் போன்றது. அது உருளைச் செடியின் இளம் வேரைத் துளைத்து உள்ளே போகும். ஓரிடத்தில் நிலையாக நின்று, தன்னைச் சுற்றியுள்ள வேரின் செல்களைத் தனக்குத் தீனி தரும் தொட்டியாக மாற்றிக்கொள்ளும். செடி இலைக்கும் கிழங்குக்கும் அனுப்ப வேண்டிய சத்து இங்கே வடியத் தொடங்கும். பெண் புழு உடல் பருத்து உருண்டையாகி, வேரின் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே தெரியும். முதலில் வெள்ளை, பிறகு பொன் மஞ்சள், கடைசியில் பழுப்பு. பழுப்பாகும்போது தாய் செத்துவிடும். ஆனால், அதன் தோல் கெட்டியான கூடாகிவிடும். உள்ளே 200 முதல் 500 முட்டைகள்! இதனால்தான் இதற்கு 'முட்டைக்கூடு நூற்புழு' என்று பெயர்.

வேரிலிருந்து உதிர்ந்து மண்ணில் விழும் அந்தக் கூட்டை வெயில் ஒன்றும் செய்யாது, மழை ஒன்றும் செய்யாது. உள்ளே இருக்கும் முட்டைகள் 20 ஆண்டுகளுக்கு மேலும் உயிரோடு இருக்கும். அதைவிட ஆச்சர்யம், அவை சும்மா பொரிப்பதில்லை. பக்கத்தில் உருளைச் செடியின் வேர் வளர்ந்து, அந்த வேரிலிருந்து கசியும் ஒருவகை ரசாயனம் மண்ணில் கலந்து கூட்டைத் தொட்டால்தான் பெரும்பாலான முட்டைகள் கண்விழிக்கும். கோஸ் நட்டால் தூங்கும். கேரட் விதைத்தால் தூங்கும். கிழங்கு நட்ட அன்று, "வந்தாச்சா?" என்று எழுந்துகொள்ளும். நிலத்தை விற்று, பிள்ளை பெரியவனாகி, அவன் வந்து கிழங்கு நட்டாலும் எழுந்துகொள்ளும்.

நீலகிரியில் இருப்பது ஒன்றல்ல, இரண்டு இனங்கள். மஞ்சள் நிறமாக மாறுவது ஒன்று. மஞ்சளாகாமல் வெள்ளையிலிருந்து நேராகப் பழுப்பாவது இன்னொன்று. இந்த வித்தியாசம் பிறகு முக்கியமாகப் போகிறது.

மனிதர்களுக்கு இதனால் ஏதாவது ஆபத்தா என்று கேட்டால், இல்லவே இல்லை. இது செடியின் வேரில் வாழும் புழு. ஊட்டிக் கிழங்கைத் தாராளமாகச் சாப்பிடலாம்.

பச்சை வயலில் மஞ்சள் திட்டு

வயல் முழுவதும் ஒரே நாளில் படுத்துவிட்டால் யாரும் உஷாராகிவிடுவார்கள். இந்தப் புழு அப்படிச் செய்வதில்லை. பச்சைப் பசேலென்ற பாத்திகளுக்கு நடுவே ஒரு திட்டில் மட்டும் செடிகள் குட்டையாக, வெளிறிப்போய் நிற்கும். நல்ல வெயில் நேரத்தில் துவளும், சாயங்காலம் தேறிக்கொள்ளும். "அந்த மூலையில் மண் சத்து இல்லை போல" என்று விவசாயி அங்கே கூடுதலாக ஒரு பிடி உரம் போடுவார். அறுவடையில் அந்தத் திட்டில் கோலிக்குண்டு அளவில்தான் கிழங்கு கிடைக்கும். அடுத்த வருஷம் திட்டு பெரிதாகும்.

உரக்குறைவா, புழுவா என்று வயலிலேயே ஓரளவு தெரிந்துகொள்ளலாம். நட்டு 60 நாள்கள் வாக்கில், வாடிய செடி ஒன்றைப் பிடுங்காமல் முள்கரண்டியால் மண்ணோடு மெதுவாகப் பெயர்த்தெடுக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் மணிகள் உதிர்ந்துவிடும். மண்ணை உதறி, வெயிலில் வேரைக் கண்ணருகே வைத்துப் பார்த்தால் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ பொடிப் பொடியாக ஒட்டியிருப்பது தெரியும். வயதான கண்களுக்குக் கண்ணாடி அவசியம். பேரக்குழந்தையைக் கூட்டிப்போனால் இன்னும் நல்லது.

மருந்து ஏன் முடித்துவைக்கவில்லை?

கண்டுபிடித்த காலத்திலிருந்து மண்ணில் இடும் ரசாயன மருந்துகள்தான் முதல் ஆயுதமாக இருந்தன. நடவின்போது கார்போஃபியூரான் குருணையைச் சாலில் தூவுவது பல ஆண்டுகள் வழக்கம். அந்த ஆண்டு மகசூல் கொஞ்சம் தேறும் என்பது உண்மை. ஆனால், மருந்து வெளியே வந்த புழுவைத்தான் பிடிக்கிறது. கூட்டுக்குள் இருக்கும் முட்டையை அது அவ்வளவாக அசைப்பதில்லை. அறுவடை முடியும்போது மண்ணில் மிச்சமிருக்கும் முட்டைகளே அடுத்த போகத்துக்குப் போதும்.

இன்னொரு பக்கம், நீலகிரி என்பது வெறும் விவசாய நிலமில்லை. பவானிக்கும் மாயாற்றுக்கும் தண்ணீர் தருகிற மலை. இங்கே சரிவில் தூவுகிற கடும் நஞ்சு எங்கே போகும் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். கார்போஃபியூரான் மீதான கட்டுப்பாடுகளும் நாடு முழுக்க இறுகிவிட்டன. அதை நம்பி இனி ஒரு தலைமுறையை ஓட்ட முடியாது.

நான்கு வருஷக் கணக்கு

மிச்சமிருப்பது பழைய வழிதான். பயிரை மாற்றுவது. கிழங்கு இல்லாத வயலில், குளிரையும் மண்ணையும் பொறுத்து, ஆண்டுக்கு ஏறக்குறைய 3-ல் ஒரு பங்கு முட்டைகள் தானாகப் பொரித்து, தீனியில்லாமல் சாகின்றன. 100 முட்டை இருந்தால் முதல் ஆண்டில் 70, அடுத்து 49, பிறகு 34, நான்காம் ஆண்டு முடிவில் 24. நல்ல இறக்கம்தான். ஆனால், அங்கே எதிர்ப்புச் சக்தி இல்லாத கிழங்கை ஒரே ஒரு போகம் நட்டால், அந்த 24 பல மடங்காகப் பெருகி, பழைய எண்ணிக்கையைத் தாண்டிக்கூடப் போகலாம். நான்கு வருஷப் பொறுமை நான்கு மாதத்தில் காலி.

இடையில் வரும் பயிர் எதுவாக இருக்கலாம்? கேரட், பீட்ரூட், முள்ளங்கி, பூண்டு, கோஸ், பீன்ஸ் எல்லாம் சரி. தக்காளியும் கத்தரியும் கூடாது. அவை உருளையின் ஒன்றுவிட்ட சகோதரர்கள். புழுவுக்கு அங்கேயும் விருந்து உண்டு. அதோடு, தோண்டும்போது மண்ணுக்குள் விடுபட்ட கிழங்குகள் அடுத்த பயிருக்கு நடுவே தாமாக முளைத்து வரும். "இருக்கட்டும், வீட்டுக் குழம்புக்கு ஆகும்" என்று விட்டுவைப்பவர்கள் உண்டு. கேரட் வயலில் நிற்கும் அந்த 10 கிழங்குச் செடி போதும், பயிர்ச் சுழற்சியின் பாதிப் பலனைத் தின்றுவிட.

சொல்வது சுலபம். அரை ஏக்கர் வைத்திருப்பவருக்கு நான்கு வருஷம் கிழங்கை மறப்பது சுலபமா? மேட்டுப்பாளையம் மண்டியில் ஊட்டிக் கிழங்கு மூட்டைக்கு நல்ல விலை போகிறது என்று செய்தி வந்தால் கை சும்மா இருக்குமா? இதைவிடச் சிக்கல், குத்தகை நிலம். ஒரு வருஷக் குத்தகைக்கு எடுத்தவர் அந்த ஒரு வருஷத்தில் போட்டதை எடுக்கத்தான் பார்ப்பார். அடுத்தவர் நிலத்தில் புழுவைக் குறைக்க அவர் ஏன் கோஸ் போட வேண்டும்? மண் நோய்களைப் பற்றிய பிரசுரங்களில் பயிர்ச் சுழற்சி என்று ஒரு வரி இருக்கும். குத்தகை பற்றி ஒரு வரியும் இருக்காது. புழுவின் உண்மையான பலம் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

கிழங்கே புழுவை எதிர்த்தால்?

ஊட்டியை அடுத்த முத்தொரையில் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் 1957 முதல் இயங்குகிறது. புழுவைத் தாங்கும் ரகத்தை உருவாக்குவது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. அப்படி வந்ததுதான் 'குஃப்ரி ஸ்வர்ணா' ரகம். நூற்புழு, பின்பருவக் கருகல் நோய் இரண்டையுமே தாங்கக்கூடியது. பின்னாளில் 'குஃப்ரி நீலிமா', 'குஃப்ரி சஹ்யாத்ரி' ஆகியவையும் வந்தன.

இப்படிப்பட்ட ரகத்தில் ஒரு தந்திரம் இருக்கிறது. அதன் வேரும் முட்டைகளைக் கண்விழிக்க வைக்கும். புழு ஆசையோடு வேருக்குள் நுழையும். ஆனால், அங்கே தீனித் தொட்டியைக் கட்ட செடி இடம்கொடுக்காது. பெண் புழு பெருக்காமல் பட்டினியில் போய்விடும். அதாவது, பயிரும் கிடைக்கும், மண்ணும் சுத்தமாகும். சும்மா கிழங்கில்லாமல் போடுவதைவிட இது வேகமான வழி.

ஆனாலும், மலையில் இன்னும் செல்வாக்கோடு இருப்பது 1968-ல் வெளியான 'குஃப்ரி ஜோதி'தான். புழுவை எதிர்க்கும் சக்தி அதற்கில்லை. வெள்ளையான தோல், மேலோட்டமான கண்கள், மண்டிக்குத் தெரிந்த முகம். சந்தை ஒரு ரகத்துக்குப் பழகிவிட்டால் விஞ்ஞானியால்கூட அதை மாற்றுவது கஷ்டம்.

ஒரே எதிர்ப்பு ரகத்தைத் திரும்பத் திரும்ப நடுவதிலும் ஆபத்து உண்டு. இங்கிலாந்து இதற்குப் பாடம். 1960-களில் 'மாரிஸ் பைப்பர்' என்றொரு ரகம் அங்கே வந்தது. மஞ்சள் இனப் புழுவை அது அழகாகத் தடுத்தது. நாடே அதை நட்டது. மஞ்சள் இனம் குறைந்தது. அந்தக் காலி இடத்தில், அந்த ரகத்தால் தடுக்க முடியாத வெள்ளை இனம் வந்து நிறைந்துவிட்டது. இரண்டு இனமும் கலந்து கிடக்கும் நீலகிரிக்கு இது பக்கத்து வீட்டுக் கதையில்லை. எதிர்ப்பு ரகம், இடையில் வேறு காய்கறி, எப்போதாவது ஜோதி என்று மாற்றி மாற்றித்தான் போக வேண்டும்.

கடுகும் சுண்ணாம்பும்

ஆராய்ச்சி நிலையம் சொல்லும் இன்னொரு யோசனை, உருளையோடு கடுகை ஊடுபயிராகப் போடுவது. கடுகு, முள்ளங்கி, கோஸ் குடும்பத்துச் செடிகளைக் கசக்கினால் மூக்கில் ஏறுகிற காரம் இருக்கிறதே, அதே பொருள் மண்ணில் சிதையும்போது நூற்புழுவுக்கும் பல பூஞ்சைகளுக்கும் ஆகாத வாயுவாகிறது. பூக்கும் பருவத்தில் கடுகைப் பொடியாக நறுக்கி, ஈரமான மண்ணில் உடனே மடக்கி உழுதால் பலன் கூடும். வெட்டிப் போட்டுவிட்டு நாலு நாள் கழித்து உழுதால் காரம் காற்றோடு போய்விடும்.

இங்கேயும் ஒரு சிக்கல். நீலகிரி மண்ணில் கோஸ் குடும்பத்தைத் தாக்கும் வேர்வீக்க நோய் ஏற்கெனவே இருக்கிறது. கோஸின் வேரைச் சேப்பங்கிழங்கு போல வீங்க வைக்கும் அந்தக் கிருமியும் மண்ணில் வருஷக்கணக்கில் தங்கும். புழுவைக் குறைக்கிறேன் என்று கோஸ், கடுகு, முள்ளங்கி என்று அடுக்கிக்கொண்டே போனால் அந்தக் கிருமிக்குச் சோறு போட்டதாகிவிடும். அந்த நோய் தெரிந்த வயலில் கடுகைத் தவிர்த்துவிட்டு பீன்ஸ், பூண்டு பக்கம் போவது புத்திசாலித்தனம்.

வேர்வீக்க நோய்க்கு வழக்கமான வைத்தியம் சுண்ணாம்பு. நீலகிரி மண் இயல்பிலேயே புளிப்பு அதிகமான மண். கார அமில நிலை 5-க்குக் கீழே இருக்கும் வயல்கள் சாதாரணம். அவ்வளவு புளிப்பில் மணிச்சத்து மண்ணிலேயே கட்டுண்டு போகும். போட்ட சூப்பர் பாஸ்பேட்டில் பெரும்பகுதி செடிக்குப் போய்ச்சேராது. அதனால் சுண்ணாம்போ டோலமைட்டோ இட்டே ஆக வேண்டும். ஆனால், கை தாராளமாகப் போய்விட்டால் உருளையில் சொறி நோய் வரும். தோலில் தக்கை போல சொரசொரவென்று புண் புண்ணாக வருமே, அது. அந்த நோய்க்கான நுண்ணுயிர் புளிப்பு மண்ணில் அடங்கியிருக்கும், புளிப்பு குறைந்தால் கிளம்பும். கோஸுக்கு நல்லது உருளைக்கு ஆகாது! ஆகவே, மண் பரிசோதனை செய்யாமல் சுண்ணாம்பு மூட்டையைப் பிரிப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதுதான். இடுவதாக இருந்தாலும் உருளை நடவுக்கு ஒட்டி இடாமல், கோஸ் போடும் பருவத்துக்கு முன்பு இட்டுவிடுவது நல்லது.

பழைய மனிதர்கள் மண்ணுக்குத் தந்த தொழுவுரத்துக்கும் இதில் பங்குண்டு. மலைப் பகுதி உருளைக்கு எக்டேருக்கு 15 டன் தொழுவுரம் என்பது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. மக்கிய உரம் நிறைந்த மண்ணில் நூற்புழுவின் முட்டையைத் தின்னும் பூஞ்சைகள், கிருமிகளோடு இடத்துக்குச் சண்டை போடும் டிரைக்கோடெர்மா, சூடோமோனாஸ் போன்றவை பெருகும். வெறும் மண்ணில் டிரைக்கோடெர்மா பாக்கெட்டைப் பிரித்துக் கொட்டினால் அது பட்டினி கிடக்கும். தொழுவுரத்தில் கலந்து, ஈரத்தோடு சில நாள்கள் நிழலில் வைத்துப் பெருக்கி, பிறகு இட்டால் வேலை செய்யும். மாடு குறைந்துபோன மலையில் 15 டன்னுக்கு எங்கே போவது என்பது நியாயமான கேள்வி. பசுந்தாள் பயிரை ஒரு பருவம் விதைத்து மடக்கி உழுவது அதற்கு ஓரளவு மாற்று. நீலகிரி குளிருக்கு லூபின் என்னும் செடி நன்றாக வரும்.

தண்ணீர் டம்ளரில் ஒரு சோதனை

புழு தவிர, மண்ணில் ஒளிந்திருக்கும் இன்னும் சிலரும் இருக்கிறார்கள். அவர்களில் மோசமானது பாக்டீரியா வாடல் நோய். நேற்றுவரை நன்றாக நின்ற செடி, இலை மஞ்சளாகக்கூட ஆகாமல், பச்சையாகவே தொங்கிவிடும். சந்தேகம் வந்தால் அடித்தண்டில் ஒரு துண்டை வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் வைத்து, வெட்டிய முனை தண்ணீரைத் தொடும்படி பிடிக்க வேண்டும். சில நிமிடங்களில் பால் போன்ற இழை கீழே இறங்கினால் அது பாக்டீரியாதான். கிழங்கை வெட்டினால் உள்ளே பழுப்பு வளையம் தெரியும். இதற்குத் தெளித்துக் காப்பாற்றும் மருந்து கிடையாது. அந்தச் செடியை மண்ணோடு அகற்றி அழிக்க வேண்டும். அந்த வயலின் கிழங்கை விதைக்கு எடுக்கவே கூடாது. விதைக்கிழங்கைக் கத்தியால் துண்டு போட்டு நடும் வழக்கமும் இந்த நோயைப் பரப்பும். ஒரு நோயுள்ள கிழங்கை வெட்டிய கத்தி, அடுத்த 10 கிழங்குக்கும் ஊசி போடுகிறது.

கழுவினாலும் போகாத கறுப்பு மண் போல தோலில் ஒட்டியிருப்பது கரும்பொருக்கு. அது மண்ணில்லை, பூஞ்சை. விதைக்கிழங்கை 3 சதவிகித போரிக் அமிலக் கரைசலில் அரைமணி நேரம் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி வைப்பது இதற்கு மருந்து. அப்படி ஊறவைத்த கிழங்கு சமையலறைப் பக்கம் வரக் கூடாது. சாதாரணக் கிழங்கில் கறுப்புப் பொருக்கோ சொறியோ இருந்தால் இல்லத்தரசிகள் கவலைப்பட வேண்டாம். தோலைக் கொஞ்சம் ஆழமாகச் சீவினால் போதும்.

சரிவில் ஓடும் சிவப்புத் தண்ணீர்

மழைக்காலத்தில் ஊட்டி ஓடைகள் டீ நிறத்தில் ஓடுவதைச் சுற்றுலா போனவர்கள் பார்த்திருப்பார்கள். அது வயல் மண். கிழங்குக்கு மண்ணைக் கிளறி, அணைத்து, கடைசியில் மொத்தமாகத் தோண்டிப் புரட்ட வேண்டும். செங்குத்துச் சரிவில் இதைச் செய்தால் ஒரு பெருமழைக்கு மேல்மண் கீழே இறங்கிவிடும். இறங்குகிற மண்ணோடு முட்டைக்கூடும் இறங்கும். மேல் வயல்காரர் போட்ட உரம் மட்டுமல்ல, அவர் வயல் புழுவும் கீழ் வயலுக்கு இலவசம்.

ஊட்டியில் 1950-களிலேயே மண்வள பாதுகாப்புக்கென ஓர் ஆராய்ச்சி மையம் வந்தது சும்மா இல்லை. சரிவுக்குக் குறுக்கே பாத்தி போடுவது, படிக்கட்டு வயல் அமைப்பது, ஓரங்களில் புல் வளர்ப்பது எல்லாம் மண்ணைக் காப்பதற்காகச் சொல்லப்பட்டவை. அவை நோயையும் காக்கின்றன. மண்வெட்டி, டில்லர், பூட்ஸ், சாக்கு என்று மண் ஒட்டும் எதுவும் வயல் விட்டு வயல் போகும் முன் கழுவப்பட வேண்டும். பழைய சாக்கை மறுபடி விதைக்குப் பயன்படுத்தாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

சிம்லாவிலும் வந்துவிட்டது

நீண்ட காலம் இது 'தமிழ்நாட்டு மலைப் பிரச்னை' என்றே நாடு நினைத்தது. 2018-ல் அந்த நினைப்பு உடைந்தது. இமாசலப் பிரதேசம், ஜம்மு காஷ்மீர், உத்தரகாண்ட் மலைகளிலும் அதே புழு கண்டுபிடிக்கப்பட்டு, அங்கிருந்தும் விதைக்கிழங்கு வெளியே போக மத்திய அரசு தடை போட்டது. நம் ரகங்களின் பெயரில் எல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கும் 'குஃப்ரி' என்பது சிம்லா பக்கத்து ஊர். அந்தக் குஃப்ரி வயல்களும் இதில் தப்பவில்லை. தலைமுறைகளாக விதைக்கிழங்கு விற்றுப் பிழைத்த இமயமலை விவசாயிகளுக்கு அது பேரிடி. நீலகிரிக்காரர்களுக்கு அந்த வலி 1971-லிருந்தே தெரியும்.

நல்ல வேளையாக, புழுவுக்குக் குளிர்ந்த மண்தான் பிடிக்கும். மண் சூடு 28 டிகிரியைத் தாண்டினால் அது பெருக முடியாமல் திணறும். நாட்டின் பெரும்பகுதி உருளை விளையும் கங்கைச் சமவெளியை இதுவரை காப்பாற்றிக்கொண்டிருப்பதில் அந்தச் சூட்டுக்கும் பங்குண்டு. அதை நம்பி அசட்டையாக இருக்க முடியாது என்பதால்தான் தடைகள். டார்ஜிலிங்கில் 1950-களில் உருளையின் மரு நோய் தென்பட்டதும் அங்கிருந்து கிழங்கு வெளியேறத் தடை விதித்தார்கள். அந்தப் பூஞ்சை சமவெளிக்கு இன்றுவரை இறங்கவில்லை. தடை உத்தரவு என்றாலே எரிச்சல் வரும். இந்த இடத்தில் அது பலன் தந்திருக்கிறது.

மண்ணிலிருந்து தப்பிக்க, மண்ணே இல்லாமல் விதை உற்பத்தி செய்யும் வழியும் வந்துவிட்டது. திசு வளர்ப்பில் உருவான செடியை இருட்டுப் பெட்டியில் தொங்கவிட்டு, வேருக்குச் சத்துநீரைப் பனிபோலத் தெளித்தால் அந்தரத்திலேயே குட்டிக் குட்டியாகக் கிழங்கு காய்க்கும். மண்ணைத் தொடாத அந்தக் கிழங்கில் மண் நோய் ஏது? கர்நாடகத்தில் திசு வளர்ப்புச் செடியின் நுனியை வெட்டி, தக்காளி நாற்று போல வேர்விட வைத்து, அதை நட்டு விதைக்கிழங்கு எடுக்கிறார்கள். செலவு கொஞ்சம் கூடுதல். ஆனால், சுத்தமான விதையை அசுத்தமான மண்ணில் நட்டால் பணம் வீண் என்பதால், இதற்கும் முதலில் மண்ணைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தெரிந்துகொள்வதற்குப் பெரிய செலவில்லை. அறுவடை முடிந்து, அடுத்த நடவுக்கு உழுவதற்கு முன், வயலின் குறுக்கே வளைந்து வளைந்து நடந்தபடி 20, 30 இடங்களில் ஒரு சாண் ஆழத்துக்குள் ஒவ்வொரு கரண்டி மண் எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் வாளியில் கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோவைப் பையில் போட்டு, வயலின் பெயரையும் கடைசியாகப் போட்ட பயிரையும் சீட்டில் எழுதி உள்ளே வைத்தால் போதும். உலர்ந்த முட்டைக்கூடு தண்ணீரில் மிதக்கும். ஆய்வகத்தில் மண்ணைத் தண்ணீரில் கலக்கி, மிதப்பதைச் சல்லடையில் பிடித்து எண்ணிச் சொல்லிவிடுவார்கள். கார்போகக் கிழங்கு தோண்டி முடிந்த வயல்களில், கடைபோகத்துக்கு மண்வெட்டி எடுப்பதற்கு முன்னால் இருக்கும் அந்தச் சில நாள்கள்தான் இதற்குத் தோதான நேரம்.